மேலே பொன், கீழே வெள்ளி: ஒரு வழக்கத்தின் வரலாறு

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு திருமணம் நிச்சயமானால், அடுத்து எழுவது நகைப் பேச்சுதான். துபாய் டெய்ராவின் தங்கச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். பெண்ணுக்குக் கொலுசையும் பொன்னிலேயே எடுத்துவிடலாமா? மாப்பிள்ளையின் பட்டு வேட்டியோடு வெள்ளி அரைஞாணும், பொன் மோதிரமும், வெண்ணிறக் கைக்கடிகாரமும் சேர்ந்தால் பொருந்துமா? "பொன் லட்சுமி, அது காலில் படக் கூடாது" என்பார் பாட்டி. "இரண்டு நிறத்தையும் கலந்து போட்டால் நன்றாக இராது" என்பாள் பேத்தி. ஒருவர் சாத்திரம் சொல்ல, மற்றவர் நாகரிகம் சொல்ல, இடையில் நிற்கும் தாய்க்கு யார் பக்கம் பேசுவது என்று விளங்காது.

இந்தக் கேள்வியைச் சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது. பொன்னும் வெள்ளியும் எங்கே, யாரால், எப்படி அணியப்பட்டன என்பதில் நம் முன்னோரின் பொருளாதாரமும் பக்தியும் அடங்கியிருக்கின்றன. சிலருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் அதில் அடங்கியிருக்கிறது.

நம் ஊர் வழக்கம்

தமிழ்நாட்டின் பொது வழக்கம் அனைவரும் அறிந்ததே. கழுத்து, காது, மூக்கு, கை ஆகியவற்றில் பொன். காலில் கொலுசு, தண்டை, மெட்டி ஆகியவை வெள்ளி. இடுப்பு இரண்டிற்கும் எல்லை. அங்கே வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்குப் பொன் ஒட்டியாணம். ஆண் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண். முந்திய தலைமுறை ஆண்களைப் பார்த்தால் காதில் பொன் கடுக்கன், வேட்டிக்குள் வெள்ளி அரைஞாண், விரலில் பொன் மோதிரம் என்று இரு உலோகங்களும் ஓர் உடலில் சேர்ந்தே இருந்தன. நிறம் ஒவ்வவில்லை என்று அந்நாளில் யாரும் சொன்னதில்லை. எந்த உலோகம் எந்த இடத்தில் என்பதே அவர்களுடைய கணக்கு. ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை.

காலில் பொன் ஆகாது என்பதற்குப் பெரியோர் கூறும் காரணம் பொன் திருமகளின் வடிவம் என்பது. ஆனால் அந்தத் திருமகளின் திருவடியிலேயே பொன் சாத்தப்படுகிறது. கி.பி. 1010-ல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், இராசராச சோழனும் அவன் குடும்பத்தாரும் திருமேனிகளுக்கு அளித்த நகைகள் எடை எடையாகக் குறிக்கப்பட்டுள்ளன. "ஆடவல்லான்" என்ற பெயருடைய எடைக்கல்லால் பொன் நிறுக்கப்பட்டது. அந்நகைகளுள் திருவடிக்காறை போன்ற பாத அணிகளும் பொன்னால் ஆனவை. சங்கப் பாடல்களிலும் வீரர்கள் காலில் பொற்கழல் அணிந்த செய்தி வருகிறது. ஆகவே கால் என்ற உறுப்பைப் பொன் என்றைக்கும் வெறுத்ததில்லை. தெய்வத்துக்கும், மன்னனுக்கும், வீரனுக்கும் அது காலில் பொருந்தியது. மற்றவர்களுக்கு வெள்ளி போதும் என்று வழக்கம் வரையறுத்தது.

இதில் நடைமுறைக் காரணமும் உண்டு. காலில் கிடப்பது தேயும், கழன்று விழும், மண்ணில் புதையும். வயலில் நடவு நடும் பெண்ணின் காலில் விலை குறைந்த உலோகம் இருப்பதே அறிவுடைமை. மேலும் கிராமத்தில் கைக்கு எட்டிய உலோகம் வெள்ளிதான். ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. மிச்சம் பிடித்த ரூபாய் நாணயங்களைப் பத்தரிடம் கொடுத்தால் அவர் உருக்கிக் கொலுசாகத் தட்டிக் கொடுப்பார். பஞ்சம் வந்தால் கொலுசு மீண்டும் பணமாகும். 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-ல் நிக்கல் ரூபாய் வந்தது. அதோடு நாணயத்துக்கும் நகைக்கும் இருந்த நேரடி உறவு முடிந்தது. ஒரு பாட்டியின் தண்டை என்பது அந்தக் குடும்பத்தின் பழைய சேமிப்புப் புத்தகம் என்றே சொல்லலாம்.

மறுக்கப்பட்ட உலோகம்

எவர் எதை அணியலாம் என்பதில் மறைந்துள்ள கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க நிலையில் இருந்தவர்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அவற்றுள் முதலாவது, பொன் வெள்ளி நகை அணியக் கூடாது என்பது. இரண்டாவது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதனைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். மறுத்தவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டதையும், தானியமும் சொத்தும் அழிக்கப்பட்டதையும் அவர் எழுதியிருக்கிறார்.

அண்டைத் திருவிதாங்கூரில் புலையர் குலப் பெண்கள் உலோக நகை அணிய உரிமையின்றிக் கல் மாலைகளையே கழுத்தில் சுமந்தனர். 1915-ல் கொல்லம் அருகே பெரிநாட்டில் அதை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்து கலவரமாயிற்று. அதே ஆண்டில் கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் அய்யன்காளி அழைப்பு விடுக்க, பெண்கள் அந்த மாலைகளை அறுத்து எறிந்தனர்.

இப்படிப்பட்ட வரலாறு உள்ள குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று வளைகுடாவில் உழைக்கிறார்கள். முதல் ஆண்டுச் சேமிப்பில் தாய்க்கு ஒரு பொன் சங்கிலி வாங்கிச் செல்லும் இளைஞனின் மகிழ்ச்சியில், முப்பாட்டிக்கு மறுக்கப்பட்ட ஒன்றைக் கொடுக்கும் பெருமிதமும் கலந்திருக்கிறது. அவன் தங்கைக்குப் பொன் கொலுசே எடுத்தாலும், "இது ஆகாது" என்று முகம் சுளிக்கும் முன் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வெள்ளி நாடாக இருந்த அரபு நாடு

இன்று "தங்க நகரம்" என்று துபாயைச் சொல்கிறார்கள். ஆனால் எண்ணெய் வளம் வருவதற்கு முன் அரபுத் தீபகற்பத்தின் சாதாரண மக்கள் அணிந்தது பெரும்பாலும் வெள்ளியே. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த டாலர் நாணயம் அங்கே நெடுங்காலம் புழங்கியது. பேரரசி காலமான 1780 என்ற ஆண்டையே பொறித்து, அதன் பின்னும் தலைமுறை தலைமுறையாக அது அச்சிடப்பட்டு வந்தது. 1940, 1941-ஆம் ஆண்டுகளில் பம்பாய் நாணயச் சாலையிலும் அச்சிட்டார்கள். எடை 28 கிராம். நூற்றுக்கு 83 பங்கு வெள்ளி. ஓமானின் நிஸ்வா போன்ற ஊர்களில் வெள்ளிக் கொல்லர்கள் இந்த நாணயங்களை உருக்கிக் காப்பும், தண்டையும், தாயத்துக் கூடும் செய்தார்கள். நம் ஊர்ப் பத்தர் ரூபாயை உருக்கிய அதே காலத்தில், கடலுக்கு அப்பால் மற்றொரு பட்டறையில் அதே வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆண்களின் அணிகலனில் தலையாயது ஓமானியரின் "கஞ்சர்" என்னும் வளைந்த குத்துவாள். இடுப்பின் நடுவே, வெள்ளி இழை வேய்ந்த கச்சையில் அது செருகப்படும். நீண்ட அங்கிக்கு உள்ளே அவர்கள் அணிவது "விஸார்" என்னும் அரைத் துணி. நம் லுங்கிக்கு நெருங்கிய உறவு. உறையும் வளையங்களும் வெள்ளி. பொதுவான கஞ்சரில் நான்கு வளையங்கள். அரச குடும்பத்தின் பெயரால் வழங்கும் சயீதி வகையில் ஏழு. ஓமான் நாட்டின் கொடியிலும் சின்னத்திலும் கஞ்சர் இடம்பெற்றுள்ளது. 2022-ல் யுனெஸ்கோ இக்கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆண்கள் வெள்ளியைத் தேர்ந்ததற்குச் சமயக் காரணமும் உண்டு. இஸ்லாமிய மரபில் ஆண்கள் பொன் நகை அணிவது விலக்கப்பட்டது. வெள்ளி மோதிரத்துக்கு அனுமதி உண்டு. பெண்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே நம்மிடம் உடலின் மேல், கீழ் என்று பிரிந்த இரு உலோகங்கள், அவர்களிடம் பெண், ஆண் என்று பிரிந்தன.

இருப்பினும் கலப்பை அவர்கள் வெறுத்ததில்லை. ஓமானின் பழைய வெள்ளித் தாயத்துக் கூடுகளிலும் கழுத்தணிகளிலும் பொன் தகடு ஒட்டி அழகு செய்வது வழக்கம். வெள்ளியின் வெண்மையும் பொன்னின் மஞ்சளும் அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று எடுத்துக் காட்டும். வசதியுள்ளவர்களின் கஞ்சர்களிலும் வெள்ளி வேலையோடு பொன் வேலை சேர்வதுண்டு.

எண்ணெய்ப் பணம் வந்தபின் நிலைமை மாறியது. 1960-களிலிருந்து மணப்பெண்கள் பொன் கேட்டார்கள். பாட்டிமாரின் வெள்ளி உருக்குச் சட்டிக்குப் போயிற்று. மிச்சமிருந்தது பழம்பொருள் கடைகளில் வெளிநாட்டாருக்கு விற்கப்பட்டது. இன்று அவற்றைப் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளி போன வழி, பொன் வந்த வழி

இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் இடையே இவ்விரு உலோகங்களும் எதிரெதிர்த் திசையில் பயணம் செய்த காலம் ஒன்று உண்டு. 1950-களிலும் அதன் பின்னும் துபாய் சட்டப்படி பொன்னை இறக்குமதி செய்தது. பத்துத் தோலாக் கட்டிகளாக, ஒவ்வொன்றும் சுமார் 116.6 கிராம், அது படகுகளில் ஏறி இந்தியக் கரையை மறைவாக அடைந்தது. அந்நாளில் வளைகுடாவின் புழக்க நாணயமே இந்திய ரூபாய்தான். பொன்னுக்கு ஈடாக ரூபாய் வெளியேறியதால் இந்தியாவின் அன்னியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்க 1959-ல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் வெளியிட்டது. பின்னர் பொன்னுக்கு விலையாக இந்திய வெள்ளி கள்ளத்தனமாகத் துபாய்க்குச் சென்றது. அங்கிருந்து லண்டன் சந்தைக்குப் போயிற்று. அவ்வெள்ளியில் ஒரு பகுதி கிராமத்துக் கால்களிலிருந்து கழன்ற பழைய கொலுசும் தண்டையும் உருகி வந்ததே.

பொன் ஆசையை அடக்க 1963 ஜனவரியில் இந்திய அரசு பொன் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. நிதியமைச்சராக இருந்தவர் மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு 58 பங்கே பொன் உள்ள அந்த நகையின் நிறம் தமிழ்ப் பெண்களின் கண்ணுக்குப் பொன்னாகவே தோன்றவில்லை, வாங்க ஆளில்லை. பட்டறைகள் மூடின, பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினியில் வீழ்ந்தன, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் விதி 1966-ல் தளர்ந்தது. 1968-ல் வந்த பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல்தான் நீக்கப்பட்டது. 1992-ல் வெளிநாடு வாழ் இந்தியர் தீர்வை செலுத்தி 5 கிலோ வரை பொன் கொண்டுவர அனுமதி கிடைத்தது. ஒரு நிறத்தின் மேல் மக்கள் கொண்ட பற்றை ஒரு சட்டத்தால் மாற்ற முடியவில்லை என்பதே அந்த 27 ஆண்டுகள் தரும் பாடம்.

கலவை இல்லாத பொன் இல்லை

கலப்பது குற்றம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தூய பொன் மிக மெல்லியது; தனியே நகைக்கு ஆகாது. நாம் விரும்பும் 22 காரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். மீதி செம்பும் வெள்ளியும். செம்பு மிகுந்தால் நிறம் சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும். நாம் "பவுன்" என்று எடை சொல்லும் ஆங்கில நாணயம் சற்றே சிவந்திருந்தது செம்பு சேர்த்ததால். இன்று கடைகளில் காணும் வெள்ளைத் தங்கம் பல்லேடியம் அல்லது நிக்கல் கலந்தது. ஆகவே பொன்னணி அணிபவர் எல்லோரும் கலந்த உலோகத்தையே அணிகிறார்கள்.

நம் கைவினைகளோ வெளிப்படையாகவே கலந்தவை. காஞ்சிப் பட்டின் மரபான சரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன் முலாம் பூசியது. மாப்பிள்ளையின் வேட்டிக் கரை பொன்னாக மின்னினாலும் அதன் உள்ளே வெள்ளி இருக்கிறது. வளைகுடாப் பெருமக்கள் விழாக்களில் போர்த்தும் "பிஷ்த்" மேலங்கியின் கரையையும் அவர்கள் "ஸரி" என்றே அழைக்கிறார்கள். நம் சரிகை என்ற சொல்லோடு பிறந்த சொல் அது. அமீரகப் பெண்கள் பின்னும் "தல்லி" என்னும் கரையில் வெள்ளி, பொன் இழைகள் பருத்தி நூலோடு சேர்கின்றன. அதுவும் 2022-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை, வெள்ளி அடித்தளத்தின் மேல் பொன் தகடு பதித்துச் சிவப்புக் கல் இழைத்தது. பரதநாட்டிய மேடையில் அதையே காண்கிறோம். தஞ்சாவூர்த் தட்டில் பித்தளையும் செம்பும் வெள்ளியும் மூன்று நிறமாக ஒளிர்கின்றன. பஞ்சலோகம் என்ற சொல்லே ஐந்து உலோகங்களின் கூட்டைச் சொல்வது. வழிபடும் திருமேனியிலேயே கலப்பு இருக்க, அணிபவர் உடலில் அது எப்படிக் குறையாகும்?

மற்ற நாட்டாரும் கண்ட சிக்கல்

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் "கில்ட்" என்னும் கட்டம் போட்ட அரையாடையோடு, முன்புறம் தொங்கும் பை, இடைவார்க் கொக்கி, குத்தூசி, பொத்தான் என்று உலோகப் பொருள்கள் பல உண்டு. எல்லாம் ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளி நிறத்தில், இருக்க வேண்டும் என்று அங்கே பலர் அறிவுரை சொல்வர். ஆனால் அந்த உடையே 1746-ல் சட்டத்தால் தடுக்கப்பட்டு, 1782-ல் தடை நீங்கி, 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோதுதான் அரச விழா உடையாகப் புது வாழ்வு பெற்றது. தடைக்கு முன் மலைநாட்டார் கிடைத்ததை அணிந்தார்கள். பிரிட்டிஷ் படையிலும் 1830-ல், நிலைப்படை அதிகாரிகளுக்குப் பொன் சரிகை, துணைப்படையினருக்கு வெள்ளி சரிகை என்று ஆணை பிறந்தது. உலோக நிறத்துக்கு விதி வகுத்த இடங்களில் எல்லாம் அழகைவிட அந்தஸ்தே முன் நின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

முடிவாக

பாட்டியின் சொல்லில் பக்தி இருக்கிறது. அதை அவமதிக்க வேண்டாம். காலில் வெள்ளி என்ற வழக்கத்தைப் பேணுபவர்கள் அழகான ஒன்றைப் பேணுகிறார்கள். சேலத்துப் பட்டறைகளில் இன்றும் கொலுசு தட்டும் கைகளுக்கு அதனால் சோறு கிடைக்கிறது. ஆனால் பொன்னை வேறிடத்தில் அணிந்தவரையோ, இரண்டையும் கலந்தவரையோ பாவம் செய்தவராகப் பார்க்க நம் வரலாற்றில் ஆதாரம் இல்லை. பேத்திக்கும் ஒரு சொல்: பொன்னும் வெள்ளியும் ஒன்றாய் இருப்பது பழைய தமிழுடம்பின் இயல்பு, பொருந்தாது என்பதுதான் புதிய எண்ணம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. புதிய பொன் வாங்குவதற்காகப் பழைய வெள்ளியை எடைக்குப் போடும் வழக்கம் நம் வீடுகளிலும் பெருகி வருகிறது. கறுத்துப் போன தண்டைக்குக் கடையில் கிடைக்கும் தொகை மிகச் சிறியது. கறுப்பு என்பது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் படிந்ததே, துடைத்தால் போய்விடும். உருகிய வேலைப்பாடு திரும்ப வராது. அரபு நாட்டார் தம் வெள்ளியை இழந்த பின்னரே அதன் அருமையை உணர்ந்து அருங்காட்சியகம் கட்டினார்கள்.

ஊருக்குப் போகும்போது பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தத் தண்டையை எடுத்து, அது யாருடையது, எந்த ஆண்டு விளைச்சலில் செய்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பொன்னோடு உரசித் தேயாமல் தனித் துணியில் சுற்றி வைக்கலாம். மகளின் வளைகாப்பிலோ பேரனின் பெயர் சூட்டும் நாளிலோ பொன்னுக்குப் பக்கத்தில் அதையும் அணிவிக்கலாம். அந்த நாளில் இரு நிறமும் சேர்ந்து ஒளிர்வதைக் கண்டு குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.